துறவறத்தை விதித்தவர் யார்?

சென்னீர்குப்பத்திற்கு அண்மையில், பூவிருந்தவல்லியில், கத்தோலிக்கக் குருமடம் ஒன்று உண்டு. ஆங்குப் பயிலும் இளைஞர் மணவாழ்வைத் துறந்தே குருப்பட்டம் பெறுவர். தென்னிந்தியத் திருச்சபைப் போதகரோ மனைவி மக்களோடு வாழ்ந்து ஊழியம் புரிகிறார். வேதம் ஒன்று, விதி இரண்டானதேன்?

பேதுருவின் மாமியார் காய்ச்சலால் கிடந்ததை மத்தேயு சுவிசேஷமே கூறுகிறது. மாமியார் இருந்தாரெனில் மனைவியும் இருந்தாரன்றோ! தடைகள் படிப்படியாக வளர்ந்து, 1139இல் இரண்டாம் லாத்தரன் சங்கம் குருமாரின் திருமணமே செல்லாதென்றது. 1599இல் உதயம்பேரூர் சங்கம், மனைவியரோடு வாழ்ந்த மலபார்க் கத்தனார்மீதும் அவ்விதியைச் சுமத்திற்று. லுத்தரன் பாதிரியாரான சீகன்பால்கு மணம்புரிந்து 1716இல் தரங்கம்பாடி திரும்பினார். அதன் பின்னரே புதிய எருசலேம் ஆலயத்தை எழுப்பி, 1718இல் திறந்தார். இல்லறம் அவர் தொண்டைத் தடுத்ததா?

“குருமார் தாமே விரும்பி ஏற்கும் நோன்பு இது” என்பர். விருப்பமெனில் சட்டம் எதற்கு?

உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) துறவு பூண அனுமதி வேண்டியபோது, அண்ணல் நபி (ஸல்) மறுத்துவிட்டார்கள். நமது மார்க்கத்தின் தீர்ப்பு அதுவே.

ஆயினும், அன்பர்களே, நம் முற்றத்தையும் நோக்குவோம். கைக்கூலி கேட்டு, ஏழை வீட்டுக் குமர்களை ஆண்டுக்கணக்கில் மூலையில் இருத்துகிறோமே, அவர்கள் துறவை விரும்பினார்களா? சங்கம் கூடாமலே நாம் விதித்த துறவறம் அது! மஹர் கொடுத்து மணப்பவனுக்கே பாதிரிமாரோடு வாதிட வாயுண்டு.