குற்றத்திற்குக் குலம் உண்டா?

கருமத்தம்பட்டி, சோமனூர் வட்டாரத்தில் பல விசைத்தறிகளும் நூற்பாலைகளும் வடமாநிலத் தொழிலாளர்களை நம்பி ஓடுகின்றன. ஆனால் எங்காவது பூட்டு உடைந்தால், முதல் சந்தேகம் அவர்கள் தங்கியிருக்கும் அறைகளை நோக்கியே திரும்புகிறது.

இந்தப் பார்வை புதிதல்ல. தாடையும் மண்டையோடும் பிறவிக் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் என்று 1876-ல் எழுதினார் இத்தாலிய மருத்துவர் லோம்புரோசோ. 1913-ல் இங்கிலாந்தின் சார்லஸ் கோரிங் சுமார் 3,000 கைதிகளை அளந்து பார்த்து, அப்படியோர் உடலமைப்பே இல்லை என்று காட்டினார்.

மண்டையோட்டின் இடத்தில் சாதியை வைத்தது ஆங்கிலேய அரசு. 1871-ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் உள்ளிட்டோர் கைரேகை வைத்துக் கண்காணிப்பில் வாழ நேர்ந்தது. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது. ஆனால் சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 அக்டோபர் 3-ல்தான்.

1998 கோவை குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தனர். குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும். அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அதன்பின் வாடகை வீடு கேட்டுப் போன அப்பாவி முஸ்லிமுக்கும் அவர் பெயரே தடையானது. அந்த வலியை அறிந்த நாம், பிழைக்க வந்தவரை அதே கண்ணால் பார்க்கலாமா?

குற்றம் செய்தவரே அதற்குப் பொறுப்பு, அவருடைய குலம் அல்ல என்பதே மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த நீதி. திருட்டு நடந்தால் காவல்துறையிடம் ஆதாரத்தைக் கொடுப்போம். ஊரையும் மொழியையும் ஆதாரமாக்க வேண்டாம்.