வெங்காயத்தாள் பாடகியும் தேசிங்கு ராஜாவும்

பெண் ஒருத்தி. பெயர் ஹாட்சுனே மிக்கு. ஊர் ஜப்பானில் உள்ள சப்போரோ. வயது 16. உயரம் 158 சென்டி மீட்டர். எடை 42 கிலோ. தலையின் இரு பக்கமும் நீண்டு தொங்கும் கூந்தல். அதன் நிறம் பச்சையும் நீலமும் கலந்தது.

2007-ஆம் ஆண்டில் அவளுக்கு வயது 16. இன்றைக்கும் 16தான்!

வயது ஏன் ஏறவில்லை? அப்படி ஒரு பெண்ணே உலகத்தில் கிடையாது. அவள் வெறும் படம். அவளுடைய குரல் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது.

ஆனால் அவள் கச்சேரி என்றால் மண்டபம் நிரம்பி வழிகிறது. மேடையில் வாத்தியக்காரர்கள் உண்மை ஆட்கள். நடுவில் கண்ணாடி போன்ற திரை. அதில் மிக்கு தோன்றி ஆடிப் பாடுகிறாள். கீழே ஆயிரக்கணக்கான வாலிபர்கள் கையில் விளக்குக் குச்சிகளை அசைத்துக்கொண்டு கூடவே பாடுகிறார்கள். 2014-இல் அமெரிக்காவில் லேடி காகா என்ற புகழ் பெற்ற பாடகியின் கச்சேரிகளுக்கு முன்னால் இவள் பாடியிருக்கிறாள்.

குரல் வந்த வழியைக் கேளுங்கள். சாகி புஜித்தா என்று ஒரு நடிகை. அவரை ஒலிப்பதிவு அறையில் உட்கார வைத்து, துண்டு துண்டான ஒலிகளைச் சொல்லச் சொன்னார்கள். அந்தத் துண்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் அடுக்கி வைத்தார்கள். மெட்டையும் சொற்களையும் கொடுத்தால், துண்டுகளை ஒட்டி அது பாடிவிடும். இந்த வித்தைக்கு “வோக்கலாய்டு” என்று பெயர். செய்தது யமஹா கம்பெனி. மோட்டார் சைக்கிளில் பார்க்கிற அதே பெயர்தான். வாத்தியங்கள் செய்வதே யமஹாவின் ஆதித் தொழில்! அந்த வித்தையை வாங்கி, குரலைச் சேர்த்து, படமும் போட்டு, 2007 ஆகஸ்டு 31-ந் தேதி மிக்குவைக் கடைக்குக் கொண்டு வந்தது கிரிப்டன் என்ற சப்போரோ கம்பெனி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை.

கையில் வெங்காயத்தாள்

கடைக்கு வந்த சில நாளில், ஒரு ரசிகர் தமாஷாக ஒரு சிறு படம் செய்தார. அதில் மிக்கு, வெங்காயத்தாளைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே பாடினாள். ஏன் வெங்காயத்தாள்? காரணம் பெரிதாக எதுவும் இல்லை. ஜனங்களுக்குப் பிடித்துவிட்டது! பிறகு யார் மிக்குவை வரைந்தாலும் கையில் வெங்காயத்தாள். கடைசியில் கம்பெனிக்காரர்களே வெங்காயத்தாளோடு பொம்மை செய்து விற்றார்கள்.

கம்பெனி படைத்தது பாதி. ரசிகர்கள் படைத்தது பாதி.

மிக்குவுக்குத் துணையாக ரின், லென் என்ற இருவர் வந்தார்கள். லூக்கா என்று ஒருத்தி 2009-இல் வந்தாள். இவர்களுக்கு முந்திய மெய்கோ, கைட்டோ என்ற இருவரும் சேர்ந்தார்கள். ஒருவருக்கும் உடம்பு இல்லை. ரசிகர்கள் இவர்களுக்குப் பாட்டுக் கட்டினார்கள். கதை எழுதினார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், இவர்களையே கதாநாயகர்களாக வைத்து வீடியோ விளையாட்டே செய்துவிட்டார்கள்.

அந்த விளையாட்டு, வேடம் கட்டும் வகையைச் சேர்ந்தது. துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிற ரகம் இல்லை. ஆடுகிறவர் ஒரு பாத்திரமாக மாறிவிடுகிறார். ஊர் ஊராக நடக்கிறார். எதிரே வருகிறவர்களிடம் பேசுகிறார். மருந்தும் ஆயுதமும் தேடிச் சேர்க்கிறார். எதிரி வந்தால் சதுரங்கம் போல் முறை வைத்துச் சண்டை. இவர் ஒரு அடி, அவன் ஒரு அடி. ஜெயிக்க ஜெயிக்கப் பலம் கூடும். கதை முடிய நாற்பது மணி நேரம் பிடிக்கிற ஆட்டங்களும் உண்டு. 1986-இல் வந்த “டிராகன் குவெஸ்ட்” என்ற விளையாட்டு ஜப்பானில் இந்த வகையை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது.

பாடகிகள் வேடம் கட்டினால் ஆயுதம் எதுவாக இருக்கும்? பாட்டுதான்! ஒரு பாட்டுப் பாடினால் தோழனின் காயம் ஆறும். இன்னொரு பாட்டுக்கு எதிரி தூங்கிவிடுவான்.

இதைச் செய்யப் பெரிய தொழிற்சாலை தேவை இல்லை. “ஆர்.பி.ஜி. மேக்கர்” என்று ஒரு சாதனம் இருக்கிறது. 1990-களில் இருந்தே ஜப்பானில் புழங்குகிறது. வீடு, மரம், ஆறு, ஆள் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக அதில் தயாராக இருக்கும். கொலுப்படியில் பொம்மை வைக்கிற மாதிரி எடுத்து எடுத்து வைத்தால் ஊர் உருவாகிவிடும். கம்ப்யூட்டர் மொழி தெரியாத பையன்கூடச் செய்யலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்கிறார்கள். செய்து முடித்ததை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

கம்பெனி கோபித்துக்கொள்ளவில்லையா? இல்லை. காசு வாங்காமல் செய்தால் செய்துகொள்ளலாம், அருவருப்பாகவோ பிறர் மனம் புண்படும்படியோ செய்யக் கூடாது என்று விதி எழுதி, ஊரறிய வெளியிட்டது.

செஞ்சிக்கு என்ன சம்பந்தம்?

ஜப்பான் பெண்ணுக்குச் செஞ்சிக் கோட்டையில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது.

1714-இல் செஞ்சியில் ஒரு வாலிபன் ஆண்டான். பெயர் தேஜ் சிங். ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குப் பணிய மறுத்து, சிறு படையோடு பெரும் படையை எதிர்த்துப் போய், போர்க்களத்தில் மாண்டான். சரித்திரப் புத்தகத்தில் அவனுக்கு நாலு வரி.

தமிழ் ஜனங்களுக்கு நாலு வரி போதவில்லை. தேஜ் சிங் என்ற பெயரே வாயில் உருண்டு “தேசிங்கு” ஆகிவிட்டது. பாட்டுக்காரர்கள் அவனுக்குப் பறக்கிற குதிரையைக் கொடுத்தார்கள். கல்யாணப் பந்தலை விட்டு எழுந்து போர்க்களத்துக்கு ஓடி வரும் முஸ்லிம் நண்பனைக் கொடுத்தார்கள். திரைக்கு அப்பால் நிற்கும் மனைவியிடம் அவன் விடைபெறுகிற கட்டத்தில் கேட்டவர்கள் எல்லாம் அழுதார்கள். கதைப்பாட்டு புத்தகமாகி, திருவிழாக் கடைகளில் விற்றது. 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்துத் திரைப்படமாகவும் வந்தது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மிக்குவுக்கு வெங்காயத்தாள் வந்த வழியும், தேசிங்குக்குக் குதிரை வந்த வழியும் ஒன்றுதான்.

வேடம் கட்டும் ஆட்டத்தைச் செஞ்சிச் சீமைக்கு யாரும் கற்றுக் கொடுக்கவும் வேண்டாம். செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள திரௌபதி அம்மன் கோயிலை ஆதிக் கோயில் என்பார்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் அம்மன் திருவிழா வந்தால், பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து. கட்டையால் செய்த கிரீடமும் புஜமும் கட்டிக்கொண்டு, விடிய விடியப் பாடி ஆடுவார்கள். கடைசி நாளில் ஊருக்கு வெளியே துரியோதனனை மண்ணால் மலை போலப் படுக்க வைப்பார்கள். அங்கே ஊரே குருக்ஷேத்திரம் ஆகிவிடும்!

செஞ்சிக்கு வடக்கே தேசூர்ப் பக்கம் சீயமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே பாறையைக் குடைந்து கோயில் செய்தவன் மகேந்திரவர்ம பல்லவன். சுமார் 1,400 வருஷத்துக்கு முந்திய சங்கதி. அந்த அரசன் நாடகம் எழுதியவன். அவன் எழுதிய “மத்தவிலாசப் பிரகசனம்” குடிகாரச் சாமியார்களைக் கேலி செய்கிற சிரிப்பு நாடகம். சீயமங்கலம் குகையில் ஒரு தூணின் மேல், ஆடுகிற சிவனின் சிறிய உருவம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உள்ள மிகப் பழைய ஆடவல்லான் சிற்பங்களில் அது ஒன்று. நல்ல வெளிச்சத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். அவசரமாகப் போகிறவர் கண்ணில் படாது.

அந்தக் கோயிலுக்கு அரசனின் பட்டப் பெயரையே வைத்து, “அவனிபாஜன பல்லவேஸ்வரம்” என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சிவனைச் செதுக்கியவரின் பெயரை அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை.

குரல் யாருக்குச் சொந்தம்?

பெயர் சொல்லாமல் விடுகிற அந்தப் பழைய வழக்கம் இந்தக் காலத்தில் பெரிய வம்பாக வந்து நிற்கிறது.

கதையை எடுப்பது ஒன்று. குரலை எடுப்பது வேறு. தேசிங்கு கதையை ஆயிரம் பேர் பாடலாம். ஒருவன் பாடியதால் இன்னொருவன் வாய் அடைபடாது. குரலோ ஓர் ஆளின் உடம்பில் இருந்து வருகிறது. அதை வைத்து அவர் சாப்பிடுகிறார்.

இப்போது குரலைப் பிரதி எடுக்க, சாகி புஜித்தா போல் அறையில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பேச வேண்டியதே இல்லை. பாடின பழைய பதிவு இருந்தால் போதும். கம்ப்யூட்டர் அந்தக் குரலைக் கற்றுக்கொண்டு புதுப் பாட்டைப் பாடுகிறது. இறந்தவரும் பாடுகிறார்!

2024-இல் வந்த “லால் சலாம்” படத்தில், “திமிறி எழுடா” என்ற பாட்டைக் கேட்டவர்கள் திடுக்கிட்டார்கள். பாடியவை ஷாகுல் அமீது, பம்பா பாக்கியா ஆகிய இருவரின் குரல்கள். முன்னவர் 1998-இலும், பின்னவர் 2022-இலும் காலமானவர்கள். இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான், இரு குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாகத் தெரிவித்தார். அது நல்ல முறை.

எல்லோரும் அப்படிக் கேட்கிறார்களா? எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் இப்படிச் செய்துவிட்டார்கள் என்று, அவருடைய மகன் 2024-இல் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. அதே வருஷம் ஜூலையில் வடநாட்டுப் பாடகர் அர்ஜித் சிங் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அனுமதி இல்லாமல் அவர் குரலைக் கம்ப்யூட்டரில் போலி செய்யக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது.

பெரிய பாடகர் கோர்ட்டுக்குப் போவார். வக்கீல் வைப்பார். கூத்தாடி என்ன செய்வார்?

செஞ்சிப் பக்கத்தில் ஒரு கூத்து நடந்தால், இப்போது முன் வரிசையில் பத்து செல்போன் நீளுகிறது. விடிய விடியப் பாடுகிற குரல் முழுசாகப் பதிவாகிறது. நாளைக்கு எங்கோ ஒருவன் அந்தப் பதிவை எடுத்து, கர்ணன் குரலும் திரௌபதி குரலும் செய்து விற்கலாம். பாடியவருக்கு அது தெரியவே தெரியாது. மழைக் காலத்தில் கூத்து இல்லாமல், கூலி வேலைக்குப் போகிற கலைஞர் அவர். தொண்டை ஒன்றுதான் அவருக்கு முதல். அதை அவரைக் கேட்காமல் எடுப்பது திருட்டு. செல்போனால் எடுத்தாலும் திருட்டுதான். ஆசையோடு எடுத்தாலும், காசு வாங்காமல் எடுத்தாலும், கேட்காமல் எடுப்பது சரியாகிவிடாது.

இதைச் சொன்னவுடன், விளையாட்டே கூடாது என்று பிள்ளைகளின் செல்போனைப் பிடுங்கி வைக்கப் புறப்படும் பெற்றோர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாள் முழுவதும் விளையாடுகிற பையனைக் கண்டிக்கலாம். விளையாட்டைச் செய்கிற பையனைக் கண்டிக்கக் கூடாது. அவன் கணக்குப் போடுகிறான், படம் வரைகிறான், வசனம் எழுதுகிறான். ஜப்பான் பிள்ளைகள் உடம்பில்லாத பாடகிகளுக்கே ஓர் உலகம் கட்டியிருக்கிறார்கள். செஞ்சிப் பிள்ளைகளுக்கு உடம்பும் உயிருமாக அடுத்த தெருவிலேயே பாடகர்கள் இருக்கிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையும் அவற்றை வளைத்த மதிலும் கண் எதிரே நிற்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலத்துக் கோட்டைகளில் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். இதைவிட நல்ல ஆட்டக் களம் எங்கே கிடைக்கும்? தேசிங்கு குதிரை ஏற வேண்டும். நண்பன் பந்தலை விட்டு வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாட்டு வேண்டும்.

பாட்டுக்குக் குரல் வேண்டுமானால், கம்ப்யூட்டரில் திருட வேண்டாம். கூத்துக் குழுவின் வாத்தியார் வீட்டுத் திண்ணைக்குப் போய்க் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் கூடப் போவது நல்லது. எந்த ஆட்டத்துக்கு, எத்தனை பாட்டு, எவ்வளவு பணம், பிறகு வேறு எதற்காவது குரலைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதை எல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுத வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், அவர் வீட்டுப் பிள்ளையை விட்டு உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பிரதி அவரிடம் இருக்க வேண்டும்.

கூத்தில் வேடக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது, கட்டியங்காரன் முன்னால் வந்து, “தாங்கள் யார்? எந்த நாடு?” என்று கேட்பான். அவர் பெயரும் ஊரும் சொன்ன பிறகுதான் திரை விலகும். பெரும்பாலான வேட விளையாட்டுகளும் முதலில் பெயரைத்தான் கேட்கின்றன. செஞ்சிப் பிள்ளைகள் செய்யப் போகிற ஆட்டத்தில், ஆடுகிறவன் பெயரைக் கேட்பதற்கு முன்னால், பாடியவர் பெயரும் அவர் ஊர்ப் பெயரும் பெரிய எழுத்தில் வரட்டும்.