பால்மாப் பேணியில் பூத்த பூ

நான் வேலை செய்யும் கிராமத்தில் ஓர் அக்கா இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கிணற்றடியிலும் மதிலோரத்திலும் பால்மாப் பேணி, உடைந்த வாளி என்று அகப்பட்டதில் எல்லாம் பூக்கன்று வைத்திருந்தார். செவ்வரத்தை, நித்தியகல்யாணி, நிறம் நிறமாய்க் குரோட்டன். எல்லாமே அயலில் தடியோ விதையோ வாங்கி வளர்த்தவை. பின்னேரத்தில் தேநீரோடு அவற்றின் நடுவே குந்தியிருப்பார். அந்த அரைமணி நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார்.

சில வருடங்களுக்கு முன் அங்குள்ள மாதர் சங்கத்தில் பூந்தோட்டப் போட்டி ஒன்று நடத்தினோம். யோசனை என்னுடையதுதான். பெண்களின் உழைப்புக்கு ஒரு பாராட்டுக் கிடைக்கட்டுமே என்ற நல்லெண்ணம். அக்காவுக்கு இரண்டாம் பரிசாக ஒரு சுவர்மணிக்கூடு கிடைத்தது.

அடுத்த முறை முதலிடம் வரவேண்டுமென்று சீட்டுக்காசில் அந்தூரியம் வாங்கினார். பேணிகள் போய், ஒரே அளவான சீமெந்துச் சாடிகள் வந்தன. தடி கேட்டு வந்த அடுத்த வீட்டுக்காரிக்கு ஏதோ சாட்டுச் சொல்லி அனுப்பினாராம். மகள் படமெடுத்து முகநூலில் போடத் தொடங்க, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண்ணுவதும் சேர்ந்துகொண்டது.

“பிள்ளை, இப்ப பூவைப் பார்க்கவே அலுப்பாக் கிடக்கு. ஆற்றை வீட்டிலை என்ன பூத்திருக்கெண்டுதான் மனம் ஓடுது” என்றார் ஒருநாள். எனக்குச் சுருக்கென்றது.

பல்கலைக்கழகத்தில் படித்த ஓர் ஆய்வு அப்போது நினைவுக்கு வந்தது. 1973இல் வெளியான அந்த ஆய்வில் லெப்பர், கிறீன், நிஸ்பெற் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பாலர் பாடசாலைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே சொன்னார்கள். சில பிள்ளைகளுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரங்களின் பின் வர்ணப் பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களில் பாதியளவு நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசையோ குறையவில்லை!

ஆகவே பாராட்டே கூடாதென்று நான் சொல்லவில்லை. வீட்டு வேலைக்கு ஒருவரும் நன்றி சொல்லாத நமது பெண்களுக்கு மேடையில் ஒருமுறை பெயர் வாசிக்கப்படுவது சிறிய விடயமா? போட்டியில் உற்சாகம் பெறுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் சங்கீதம், மருமகளின் தையல், கோலம் எல்லாவற்றுக்கும் புள்ளி போடத் தொடங்கினால், களைப்பாற ஒதுங்குவதற்கு வேறு எந்த இடம் மிஞ்சும்?

இந்த வருடம் போட்டி வேண்டாமென்று சங்கத்தில் கேட்டுக்கொண்டேன். தலைவிக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். பதிலுக்கு, ஆளுக்கொரு கன்று கொண்டுவந்து மாற்றிக்கொண்டோம். அக்கா இரண்டு பேணிகளோடு வந்தார். ஒன்றில் செவ்வரத்தை, மற்றதில் அடுத்த வீட்டுக்காரிக்கென்றே வைத்த குரோட்டன். அந்தூரியத்தில் மட்டும் ஒரு குட்டியும் தரவில்லை. அது விலை கொடுத்து வாங்கினதாம்!