பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

"எங்கள் குடும்ப வக்கீல்" என்று சொல்லும்போது நம்மவர்கள் குரலில் ஒரு பக்தி தொனிக்கிறது. அப்பாவின் உயிலை எழுதியவர் அவர். அண்ணனுடைய வியாபார வழக்குகளை நடத்துகிறவர் அவர். இப்போது தங்கை கையெழுத்திட வேண்டிய விடுதலைப் பத்திரத்தைத் தயாரிப்பவரும் அவரே. "நமக்குள்ளே எதற்கு இரண்டு வக்கீல்? வீண் செலவு!" என்கிறார்கள். இந்தச் சிக்கனத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டம் மணமாகாத பெண்களுக்குச் சொல்லிற்று; 2005-ல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் சொல்லிற்று. "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே அம்மா, உன் பங்கு இவ்வளவு" என்று எடுத்துச் சொல்வது தங்கையின் வக்கீலுக்குக் கடமை. அந்தக் கையெழுத்தை வாங்கித் தருவது அண்ணனின் வக்கீலுக்கு வேலை. இருவரும் ஒரே ஆசாமி என்றால் என்ன நடக்கும்? அவர் பொய் சொல்லமாட்டார், சும்மா இருப்பார். அந்த மௌனத்துக்கு ஃபீஸ் கொடுத்தவன் அண்ணன்.

"அவர் யோக்கியர், ஐயா!" என்பார்கள். இருக்கட்டும். நிலத்துக்கு நல்ல விலை சொல்லி ஓர் ஆள் காத்திருப்பதை அண்ணன் அவரிடம் அந்தரங்கமாகச் சொல்லியிருக்கிறான். அதைத் தங்கையிடம் சொன்னால் அண்ணனுக்குத் துரோகம். மறைத்தால் தங்கைக்குத் துரோகம். யோக்கியருக்கு இதில் எந்த வழி? கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தை வழக்கு முடிந்த பிறகும் காக்க வேண்டும் என்றது 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம். அதன் இடத்துக்கு வந்த 2023-ம் வருஷத்துச் சட்டமும் அதையேதான் சொல்கிறது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. ஒரு தரப்புக்கு யோசனை சொன்னவரோ, மனு எழுதியவரோ அதே விவகாரத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் 33-வது விதி. கட்சி மாறிய ராஜஸ்தான் வக்கீல் ஒருவரின் வழக்கில், 1983-ல், உச்ச நீதிமன்றமும் அதைக் குற்றமென்றே சொன்னது.

"தங்கை சம்மதித்துவிட்டாளே!" எதற்கு? தனக்கு இருப்பது இன்னதென்று அறியாதவள், அதை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தாள் என்பது என்ன பேச்சு?

சமரசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மத்தியஸ்தர் வேறு, வக்கீல் வேறு. மத்தியஸ்தர் யாருடைய ஆளும் அல்லர். அதைச் சொல்லிக்கொண்டே உட்காருகிறார். கதை எழுதுகிற நான்கூட அண்ணனுக்காகவும் அழலாம், தங்கைக்காகவும் அழலாம். என் பாத்திரங்கள் என்னிடம் வக்காலத்துக் கொடுத்து ஏமாறுவதில்லை. வக்கீலை நம்பியவள் சொத்தை இழக்கிறாள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் போய்க் கேட்கலாம். பத்திரத்தைக் கையில் வாங்கிய தங்கை, பேனாவைத் தொடுமுன் அங்கே போய் வரட்டும். அதற்கு முகம் சுளிக்கிற அண்ணன், தான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது வக்கீல் ஃபீஸைத்தானா என்று ஊராருக்குச் சொல்லட்டும்.