கூகுள் செய்ய பெரிய ‘ஜி’ வேண்டுமா?

தென்காசியில் எந்தக் கடையிலும் “அண்ணாச்சி, ரெண்டு ஜெராக்ஸ் எடுங்க” என்றால் போதும். மெஷின் எந்தக் கம்பெனியுடையது என்று யாரும் பார்ப்பதில்லை. ஜெராக்ஸ் என்பது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். தமிழில் அதை எழுதுவதில் சிக்கல் இல்லை. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாதே!

ஆங்கிலத்தில் அப்படி இல்லை. குற்றாலத்தில் இருக்கும் என் அக்கா மகள் வேலைக்கு விண்ணப்பம் டைப் செய்தாள். எக்ஸெல்லை கூகுள் செய்து, தானே கற்றுக்கொண்டதாக ஒரு வரி. ‘கூகுள்’ இங்கே வினைச்சொல். பெரிய ‘ஜி’யா, சின்ன ‘ஜி’யா? “தப்பாப் போட்டா கழிச்சிருவாங்களோ மாமா?” என்று கேட்டவள், அந்த வரியையே அழித்துவிட்டாள். அவளுடைய உழைப்பைச் சொன்ன ஒரே வரி அதுதான்!

இதில் அகராதிகளே ஒத்துப்போகவில்லை. 2006-ல் இந்த வினைச்சொல்லைச் சேர்த்தபோது ஆக்ஸ்போர்டு பெரிய ‘ஜி’ போட்டது. அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் சின்ன ‘ஜி’ போட்டது.

பெயருக்கு உரியவர் மறந்துபோனால் பெரிய எழுத்தும் போய்விடும். ‘பாய்காட்’ என்பது 1880-ல் அயர்லாந்து மக்கள் ஒதுக்கிவைத்த சார்லஸ் பாய்காட்டின் பெயர். பாலைப் ‘பாஸ்ச்சரைஸ்’ செய்வது லூயி பாஸ்ச்சரின் பெயரால் வந்தது. இன்று இரண்டுக்குமே சின்ன எழுத்துதான்.

கம்பெனிகளுக்கு மட்டும் இது பிடிப்பதில்லை. பெயர் பொதுச்சொல் ஆகிவிட்டால் டிரேட்மார்க் உரிமை போய்விடலாம் என்ற பயம். ‘போட்டோஷாப்’பை வினைச்சொல்லாக எழுதாதீர்கள் என்கிறது அடோபி. அது அவர்கள் வியாபாரம். நமக்கு இலக்கண விதி அல்ல.

என் கருத்து இதுதான். கம்பெனியின் பெயராக எழுதும்போது கட்டாயம் பெரிய எழுத்து. வினைச்சொல்லாக எழுதும்போது எதுவும் சரியே. ஆனால் கடிதம் முழுவதும் ஒரே மாதிரி எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் ‘கூகுளில் தேடினேன்’ என்று மாற்றி, பெரிய ‘ஜி’ போடுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது.

அக்கா மகளிடம் கன்ட்ரோல், இசட் கீகளைச் சேர்த்து அழுத்தச் சொன்னேன். அழித்த வரி திரும்ப வந்தது. நீங்களும் ஒரு எழுத்துக்குப் பயந்து உங்கள் திறமையை அழித்துவிடாதீர்கள்!