மரவள்ளிக் குச்சியும் எத்திரியம் கிளையண்ட்டும்

டிஸ்கி முதல்லயே போட்டுடறேன்: காயின் வாங்கலாமா, விக்கலாமான்னு கேக்க வந்தவங்க இப்படியே எஸ்கேப் ஆகிடுங்க. இது பொட்டி தட்டுறவங்க மேட்டர்.

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறினா வெள்ளிமலை வரைக்கும் மரவள்ளிக் காடு கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும். மரவள்ளியை விதை போட்டு வளர்க்கறதில்லை. போன போகத்துத் தண்டைச் சாணளவுக்கு வெட்டி நடுவாங்க. ஆக ஒரே தாய்ச்செடியோட நகல்தான் காடு முழுக்க. தேமல் நோய் வந்த தண்டை நட்டா அத்தனை செடிக்கும் தேமல். 2020ல மாவுப்பூச்சி வந்தப்ப எங்க பக்கத்து விவசாயிங்க பட்ட பாடு அவங்களைக் கேட்டாத்தான் தெரியும். அதே மலையில சாமை, தினை, கேழ்வரகுன்னு கலந்து போட்டவங்க ஒண்ணு போனாலும் இன்னொண்ணை அறுத்தாங்க.

இதுக்கும் பிளாக்செயினுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு.

எத்திரியம் 2022 செப்டம்பர் 15 அன்னிக்கு மைனிங்கைத் தலைமுழுகிட்டு ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்குக்கு மாறிச்சு. கரண்டை எரிச்சுக் கணக்குப் போடறதுக்குப் பதிலா 32 ஈதரை அடமானம் வெச்சு ஓட்டுப் போடணும். மூணுல ரெண்டு பங்கு ஓட்டு விழுந்தா அந்தக் கணக்கு இறுதி. ஓட்டை மாத்திப் போட்டு ஏமாத்தினா அடமானத்துல வெட்டு. நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்டுப் போடறது மனுசன் இல்லையே, அவன் பொட்டியில ஓடுற கிளையண்ட். மூணுல ரெண்டு பங்கு பேர் ஒரே கிளையண்ட்டை ஓட்டி, அதுல ஒரு பிழை இருந்தா? தப்பான கணக்கே இறுதியாகிடும். அப்புறம் சரியான பக்கம் திரும்பணும்னா அடமானத்தை இழக்கணும். மைனிங் காலத்துல இதே தப்புக்குப் போறது கொஞ்சம் கரண்டு பில்லு மட்டும்தான்.

அதனாலதான் எத்திரியத்துக்கு ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமில்லாத குழுக்கள் தனித்தனியா கிளையண்ட் எழுதறாங்க. ஓட்டுப் போடற பக்கம் பிரிஸம் கோ மொழியில, லைட்ஹவுஸ் ரஸ்ட்ல, டெக்கு ஜாவாவுல, நிம்பஸ் நிம்ல, லோட்ஸ்டார் டைப்ஸ்கிரிப்ட்ல. எல்லாமே திறமூலம். 2023 மே 11, 12 ரெண்டு நாளும் பழைய ஓட்டுகளைச் சரிபார்க்கப் போய் பிரிஸமும் டெக்குவும் மூச்சுத் திணறிடுச்சு. முதல் நாள் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா, மறுநாள் ஒரு மணி நேரத்துக்கு மேல எதுவும் இறுதியாகலை. லைட்ஹவுஸ் தாக்குப் பிடிச்சுது. சங்கிலி அறுந்து போகலை.

எல்லாத்துக்கும் இதுவே மருந்துன்னு சொல்ல வரலை. 2025 பிப்ரவரி 24ல ஹோலெஸ்கி சோதனை வலைல, கெத், நெதர்மைண்ட், பெசுன்னு மூணு தனித்தனி கிளையண்ட்லயும் டெபாசிட் முகவரி அமைப்பு ஒரே மாதிரி தப்பா இருந்துச்சு. பெரும்பான்மை தப்பான பக்கம் போச்சு. மறுபடி இறுதிநிலைக்கு வர ரெண்டு வாரம் ஆச்சு. நல்லவேளை, அது விளையாட்டுக் காசு. அப்பவும் சரியான பக்கம் நின்னது சிறுபான்மைக் கிளையண்டான எரிகானும் ரெத்தும்தான்.

எதிர்க்கட்சி வாதமும் இருக்கு. ரெண்டாவது மென்பொருளே வேணாம்னு 2010லயே பிட்காயினை உருவாக்கின சடோஷி சொல்லிட்டாரு. ரெண்டு பேர் எழுதினா ரெண்டும் நூத்துக்கு நூறு ஒத்துப் போகாது, வலை பிளந்துடும்ங்கற பயம். நியாயமான பயம்தான். ஆனா ஒரே மென்பொருள்னா பிழையே விதியாகிடுதே, அதைத் தட்டிக் கேக்க இன்னொருத்தன் வேணாமா?

நம்மாளுங்க கதையையும் சொல்லணும். 2017ல மேட்டிக்னு இந்தியாவுல ஆரம்பிச்சு 2021ல பாலிகான்னு பேர் மாத்தினாங்க. அவங்களோட போர் கிளையண்ட், கெத்தை எடுத்து மாத்தினது. ஹெய்ம்டால், டெண்டர்மிண்ட் மேல கட்டினது. 2022 மார்ச்சுல ஹெய்ம்டால் பக்கம் சிக்கலாகி வலையே பல மணி நேரம் நின்னுச்சு. அடுத்தவன் மூலநிரலை எடுத்துக்கறதுல தப்பே இல்லை, திறமூலம் அதுக்குத்தான். ஆனா பதிலுக்கு ஒரு மாற்றுக் கிளையண்ட்டை இங்கேருந்து யாரு எழுதறாங்க?

இங்கதான் எனக்குக் கடுப்பு. எங்க மாவட்டத்துல கடைசி வருசப் பசங்க 'பிளாக்செயின் ப்ராஜெக்ட்'னு கொண்டு வர்றதெல்லாம் ஓட்டுப்பதிவு ஆப், சான்றிதழ் சரிபார்ப்பு ஆப். போன வருசத்து சீனியர் குச்சியையே வெட்டி நடறது :-) கிளையண்ட்டைத் திறந்து பார்த்தவன் ஒருத்தன் இல்லை. பெரிய சர்வர் வேணும், கோடி ரூபா வேணும்னு நெனைக்கறாங்க. வேலிடேட்டர் ஆகத்தான் 32 ஈதர். நிரல் எழுத ஒரு பைசா வேணாம். எத்திரியத்தோட ஓட்டுப் பக்க விதிகள் முழுக்க ஓட்டிப் பார்க்கக்கூடிய பைத்தான்ல இருக்கு. அதுலேருந்து வர்ற சோதனைக் கோப்புகள் எல்லாக் கிளையண்ட்டுக்கும் பொது. கள்ளக்குறிச்சியில உக்காந்து இறக்கிக்கிட்டு, டவர் கிடைக்காத கரியாலூர்ல வெச்சுக்கூட சோதனையை ஓட்டலாம். எங்க புட்டுக்குதோ அங்கேருந்து வேலை ஆரம்பம். பைத்தான் தெரிஞ்ச பசங்க இங்க கணக்கில்லாம இருக்காங்க. வாத்தியாருங்க கொஞ்சம் மனசு வெக்கணும், அவ்ளோதான்.

நான் இப்ப ஹூடி சோதனை வலையில பழைய பொட்டி ஒண்ணுல நிம்பஸை ஓட்டிக்கிட்டிருக்கேன். கம்மி மெமரியில ஓடும்னுதான் அதைப் பிடிச்சேன். கரண்டு போய் வந்தா எத்தனை நிமிசத்துல எந்திரிச்சு நிக்குதுன்னு நோட்டுல குறிச்சுட்டு வர்றேன். எங்க ஊர்ல அந்தச் சோதனைக்குப் பஞ்சமே இல்லை. கணக்கு அடுத்த பதிவுல.