எலும்புக்குக் கால்சியம் மட்டும் போதுமா?

முழங்கால் வலித்தாலும் முதுகு கூனினாலும் நம் வீடுகளில் பதில் தயாராக இருக்கிறது: "கால்சியம் குறைஞ்சிருக்கும்." எலும்பு ஒரு சுண்ணாம்புத் தூண், மெலிந்தால் சுண்ணாம்பைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பதுதான் இதன் அடியில் இருக்கும் வாதம். கால்சியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ஆனால் மணலையும் சிமென்ட்டையும் வாசலில் கொட்டிவிட்டால் வீடு எழும்பிவிடாது, கொத்தனார் வரவேண்டும்.

கூடுதலாக விழுங்கினால் எலும்பு முறியாது என்பதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மாதவிடாய் நின்ற 36,282 பெண்களில் ஒரு பாதிக்கு தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும், மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2006இல் வந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தி சற்றே கூடியது; முறிவு சொல்லும்படியாகக் குறையவில்லை; சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. ஒழுங்காக மாத்திரை எடுத்தவர்களிடம் இடுப்பு முறிவு குறைந்தது என்பார்கள். உண்மைதான். அப்போதும் மாத்திரை துணை நிற்கிறதே தவிர வேலையை அது செய்வதில்லை.

வேலை செய்வது செல்கள்; அதில் அவற்றின் சவ்விலுள்ள கொழுப்புக்கும் பங்குண்டு. அடுத்த மறுப்பு இங்கேதான் எழும்: செல் சவ்வின் கொழுப்பு வெறும் சுவர், அதற்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? 1972இல் சிங்கர், நிக்கல்சன் என்ற விஞ்ஞானிகள் வரைந்து காட்டிய சவ்வில் கொழுப்பு ஒரு கடல், புரதங்கள் அதில் மிதப்பவை. பள்ளிப் பாடத்தில் பலருக்கும் மனதில் பதிந்தது இந்தப் படம்தான். ஆனால் அந்தக் கடலில் ஸ்பிங்கோலிப்பிடு என்றொரு கொழுப்பு வகை உண்டு. அதில் ஒன்றான ஸ்பிங்கோமைலின் எலும்பில் என்ன செய்கிறது என்று பாருங்கள். எலும்பு ஆக்கும் செல்கள் தங்கள் சவ்விலிருந்து நுண்ணிய குமிழ்களைக் கிள்ளி வெளியே விடுகின்றன; உப்பு முதலில் படிகமாவது அந்தக் குமிழ்களுக்குள். எலும்பின் உப்பில் கால்சியத்தோடு பாஸ்பேட்டும் வேண்டும். ஒரு நொதி ஸ்பிங்கோமைலினை வெட்டி பாஸ்போகோலினைப் பிரிக்கிறது, இன்னொரு நொதி அதிலிருந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது. பாஸ்பேட் வரும் வழிகளில் இதுவும் ஒன்று. அந்த முதல் நொதிக்கான மரபணு பழுதான எலிகள் முறியும் எலும்போடு பிறக்கின்றன என்று 2005இல் கண்டார்கள். சுவரே பொருளும் தருகிறது.

"எலியில்தானே!" என்றால், 2019இல் வந்த ஆய்வு மனிதரைப் பற்றியது. ஸ்பிங்கோமைலினைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவில் மாற்றம் கொண்ட சில குடும்பங்களில் சிறு வயதிலேயே ஆஸ்டியோபோரோசிஸ், அடிக்கடி முறிவு, மண்டையோட்டில் வளையம் போன்ற தடிப்புகள். கடுமையான வகைகளில் நொதி செல்லின் ஓரத்துக்குப் போகாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. கொழுப்பு எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இதைக் கேட்டதும் ஸ்பிங்கோலிப்பிடு கேப்சூல் தேடுபவர்களும் இருப்பார்கள். பாலிலும் முட்டையிலும் சோயாவிலும் அது இருக்கிறது. ஆனால் குடல் அதைத் துண்டுதுண்டாக்கி, பெரும்பகுதியைச் சாதாரணக் கொழுப்பமிலமாக்கிவிடுகிறது. எலும்பு செல்லின் சவ்வுக்கு அது அப்படியே போய்ச் சேர்வதில்லை. மேலும் அதிகமிருந்தால் நல்லது என்பதும் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட், எலும்பை அரிக்கும் செல்களின் முன்னோடிகளை எலும்பிலிருந்து ரத்தத்துக்கு இழுத்து எலும்பைக் காக்கிறது என்று 2009இல் எலிகளில் கண்டார்கள். ஆனால் பின்னர் கொரியாவில், ரத்தத்தில் அது அதிகமுள்ள மூத்த பெண்களின் எலும்பு மெலிந்தும் கூடுதலாக முறிந்தும் காணப்பட்டது.

கடைசி வாதம்: இவையெல்லாம் அரிய நோய்கள், நமக்கெதற்கு? பதிலாக, அத்தகைய ஒன்றான கோஷே நோயைச் சொல்கிறேன். 1882இல் பாரிஸ் மருத்துவர் கோஷே முதலில் விவரித்தார். குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதிக் குறைவே காரணம் என்று அமெரிக்காவின் ராஸ்கோ பிராடி 1965இல் காட்டினார். சிதையாத ஸ்பிங்கோலிப்பிடு மஜ்ஜையில் தேங்கி, எலும்பு குடைவது போல் வலிக்கிறது, மெலிகிறது, ரத்தம் எட்டாமல் சாகிறது. பாட்டில் பாட்டிலாகக் கால்சியம் கொடுத்தாலும் இந்தத் தேக்கம் கரையாது. குறையும் நொதியையே ரத்தநாளம் வழியாகச் செலுத்தும் சிகிச்சை 1991 முதல் இருக்கிறது, சில துளி ரத்தத்திலேயே நோயைக் கண்டறியவும் முடிகிறது. இந்த நோயால் வயிறு உப்பி, கால் வலி என்று அழும் குழந்தையை "கால்சியம் குறைவு" என்று சொல்லிச் சில வருடம் கடத்திவிட்டால், அதற்குள் செத்துப்போன தொடையெலும்புத் தலையை அந்த நொதியாலும் மீட்க முடியாது.